முசிறியில் இருந்த ஓட்டு

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் ஆன பிறகும் என் மனைவியின் ஓட்டு முசிறியில்தான் இருந்தது. நாங்கள் குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில். என் ஓட்டு வீட்டிலிருந்து மூன்று நிமிஷ நடையில் உள்ள பள்ளிக்கூடத்தில். அவளுடையது ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் போக வேண்டிய அவள் பிறந்த ஊரில், வேறொரு தொகுதியில். குடியிருக்கும் இடத்தில்தான் ஓட்டு இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பெயர் மாற்றும் படிவத்தை இரண்டு தடவை நானே வாங்கிவந்து கொடுத்தேன். ஒரு தடவை போட்டோ இல்லை என்றாள். இன்னொரு தடவை, அதை எங்கேயோ வைத்துவிட்டேன், தேடித் தருகிறேன் என்றாள். தேடவில்லை. எங்கள் சந்திலேயே நாலைந்து பேருக்குச் சொந்த ஊரில்தான் ஓட்டு என்பதால் நானும் விட்டுவிட்டேன்.

எனக்குத் துவாக்குடியில் ஒரு சிறிய ஃபேப்ரிகேஷன் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. நான் சொல்லப்போகிற நாடாளுமன்றத் தேர்தலுக்கு முந்தின வருஷம்தான் ஓய்வு பெற்றிருந்தேன். அவள் தில்லை நகரில் ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் எழுதிக் கொடுக்கும் வேலையில் இருபது வருஷமாக இருந்தாள். ஓட்டுப் பதிவு நாளில் கிளினிக் லீவு. காலையிலேயே கிளம்பி நம்பர் ஒன் டோல்கேட் போய் முசிறி பஸ்ஸைப் பிடிப்பாள். அங்கே அவளுடன் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு தோழி இருக்கிறாள், சத்துணவு அமைப்பாளராக இருந்தவள். இரண்டு பேரும் சேர்ந்து போய் வரிசையில் நிற்பார்கள், தோழி வீட்டில் சாப்பிடுவார்கள், வெயில் தாழ்ந்ததும் ஆற்றங்கரைக்குப் போவார்கள். சாயங்கால பஸ்ஸில் திரும்பி வருவாள். வந்து இரண்டு நாளைக்கு வீட்டில் அவள் குரல் சற்று உயர்ந்தே இருக்கும். வேலை செய்துகொண்டே பாடுவாள்.

முந்தின நாள் சாப்பிடும்போது எந்தச் சின்னத்துக்குப் போட வேண்டும் என்று நான் சொல்வேன். எல்லாத் தேர்தலிலும் சொல்லியிருக்கிறேன். சரிங்க என்பாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு வளர்ந்ததில்லை.

அந்த நாடாளுமன்றத் தேர்தலில் யார் ஜெயிப்பார்கள் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. எத்தனை இடம் கூடுதலாக வரும் என்பதில் மட்டும்தான் டிவியில் சண்டை போட்டார்கள். டீக்கடையில், பழைய பட்டறை நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில், எல்லா இடத்திலும் அதே பேச்சு. எனக்கு யார் மேல் சாய்வு என்பது இங்கே முக்கியமில்லை. முடிவு தெரிந்துபோன விஷயம் என்று நானும் நம்பினேன். நம்பியது மட்டுமில்லை, சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

தேர்தலுக்கு இரண்டு மாசம் முன்னால் அவள் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். எலும்பு முறியவில்லை. ஆனால் வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்துவிட்டது. கைத்தடி வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். வாசலில் இருக்கும் இரண்டு படியை இறங்க என் தோளைப் பிடித்துக்கொள்வாள். வேலையையும் அப்போதுதான் விட்டாள்.

ஓட்டுப் பதிவுக்கு நான்கு நாள் முன்னால் கேட்டாள்.

"என்னங்க, வெள்ளிக்கிழமை என்கூட முசிறிக்கு வரீங்களா? தனியா பஸ் ஏற முடியாது."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா? வெயில் என்ன அடிக்குதுன்னு பாத்தியா?"

"பஸ் கிளம்பற சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கே போயி ஏறினா உக்காந்துக்கிட்டே போலாம். நீங்க ஏத்தி விட்டா போதும். அங்க இறங்கறப்ப அவ வந்து பிடிச்சுக்குவா."

"முடிவு தெரிஞ்ச எலெக்‌ஷனுக்கு இவ்ளோ தூரம் அலையணுமா? உன் ஒரு ஓட்டுல என்ன ஆயிடப்போகுது?"

"நான் போகணுங்க" என்றாள். அவ்வளவுதான். அவள் எதையும் இரண்டு தடவை கேட்கிறவள் இல்லை. எனக்கும் மறுக்க வாய் வரவில்லை. சரி, பார்க்கலாம் என்றேன்.

அன்றைக்குக் காலை ஆறரை மணிக்கே குளித்துவிட்டு ஒரு நீலப் புடவை கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். பர்ஸுக்குள் வாக்காளர் அட்டை, ஒரு தண்ணீர் பாட்டில், தோழிக்குக் கொடுக்க ஒரு டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய். நான் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னேன்:

"நான் முதல்ல போயி போட்டுட்டு வந்துடறேன். அப்புறம் கிளம்பலாம்."

"சீக்கிரம் வந்துடுங்க. வெயில் ஏறிடும்."

வரிசையில் கூட்டமே இல்லை. ஏழே காலுக்கெல்லாம் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். நேராக வீட்டுக்குப் போயிருந்தால் எட்டு மணிக்குள் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இருந்திருப்போம். நான் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரே டீக்கடையில் துவாக்குடி நண்பர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களோடு பேசினேன். அவர்கள் போன பிறகும் உட்கார்ந்திருந்தேன். நேரமாகிவிட்டால் அவளே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். முகத்துக்கு நேரே மறுக்கிற தைரியம் இல்லாதவன் செய்கிற வேலை அது. எட்டரைக்கு ஒரு தடவை ஃபோன் அடித்தது, எடுக்கவில்லை. ஒன்பதுக்கு அடித்தது. அதற்கப்புறம் சத்தத்தை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அங்கிருந்து காவிரிப் பாலம் வரைக்கும் நடந்தேன். ஒரு வேலையும் இல்லை. பாலத்துச் சுவரில் சாய்ந்து மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்குப் போனபோது மணி ஒன்றாகிவிட்டது. அவள் வீட்டுப் புடவைக்கு மாறியிருந்தாள். முகம் கறுத்துக் களைத்திருந்தது. அடுப்படியில் வெந்ததாக இருக்கும் என்று நினைத்தேன். ரசம் வைத்து, அப்பளம் பொரித்து வைத்திருந்தாள்.

"பழைய ஆளுங்க ரெண்டு பேரு பிடிச்சுக்கிட்டாங்க. ஃபோன் சைலண்ட்ல கிடந்திருக்கு" என்றேன்.

"சாப்பிடுங்க."

"இப்பக்கூட போலாம். ஆறு மணி வரைக்கும் இருக்கு."

"வேணாங்க. விடுங்க."

அந்த ‘விடுங்க’வில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எங்கள் பக்கம் ஓட்டுப் பதிவு முதலில் முடிந்துவிட்டதால், எண்ணும் நாளுக்கு ஒன்றரை மாசம் இருந்தது. அந்த நாட்களில் பக்கத்து வீட்டு அம்மா ஒருநாள் மை இல்லாத அவள் விரலைப் பார்த்துவிட்டு, "ஏன், முசிறிக்குப் போகலையா நீங்க?" என்று கேட்டாள். "கால் முடியலைங்க" என்று சொல்லிவிட்டு இவள் கையைப் புடவைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே துடைத்தேன்.

எண்ணிக்கை நாள் காலையில் நான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். தமிழ்நாட்டில் எதிர்பார்த்தபடிதான் போய்க்கொண்டிருந்தது. ஒன்பதரைக்கு மேல் வடக்கே எண்கள் மாற ஆரம்பித்தன. நிச்சயம் என்று சொல்லப்பட்ட தொகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறின. முதல் சுற்றுதானே, சரியாகிவிடும் என்றார் டிவிக்காரர். பத்தரைக்கும் சரியாகவில்லை. நண்பர்கள் குழுவில் காலையிலிருந்து வந்துகொண்டிருந்த கேலிப் படங்கள் நின்றுபோயின. பன்னிரண்டு மணிக்கு, தனியாகவே அள்ளிக்கொண்டு போவார்கள் என்று எல்லோரும் சொன்னவர்கள், கூட்டணிக்காரர்களின் தயவில்லாமல் ஆட்சி அமைக்க முடியாது என்று தெளிவாகிவிட்டது. சில தொகுதிகளில் வித்தியாசம் சில நூறு ஓட்டுகள் என்று கீழே ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அடுக்களையிலிருந்து தடியை ஊன்றிக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். தேர்தல் செய்திக்காக அவள் டிவி முன்னால் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எல்லாரும் சொன்னது பொய்யாப் போச்சே" என்றேன்.

"எல்லாரும்னா யாருங்க? என்னைக் கேட்டாங்களா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நான் போயிருந்தாலும் நீங்க சொன்ன சின்னத்துக்குப் போட்டிருக்க மாட்டேன்."

"இந்தத் தடவையா?"

"எந்தத் தடவையும்தான். ஒரே ஒரு தடவை நீங்க சொன்னதுக்கே போட்டேன். அதுவும் நீங்க சொன்னீங்கன்னு இல்ல. அந்த ஆளு எங்க ஊருக்கு ரோடு போட்டுக் குடுத்தாரு."

"அப்ப சரிங்க சரிங்கன்னு சொன்னது?"

"நீங்க சொன்னது காதுல விழுந்துச்சுன்னு சொன்னேன்."

பிறகு, படிவத்தை அவள் ஏன் நிரப்பவில்லை என்று நான் கேட்காமலே சொன்னாள்.

"இங்க மாத்திக்கிட்டா நீங்க கூடவே வருவீங்க. உள்ள போயி தனியாத்தான் போடறோம், யாருக்கும் தெரியாதுதான். ஆனா வெளிய வந்ததும் மூஞ்சியைப் பாத்து, போட்டியான்னு கேப்பீங்க. உங்ககிட்ட எனக்குப் பொய் சொல்ல வராது. அங்கன்னா வந்து இறங்கறதுக்குள்ள ஒருநாள் ஓடிப்போயிடும். நீங்களும் மறந்துடுவீங்க."

இவ்வளவு நீளமாக அவள் தன்னைப் பற்றிப் பேசிக் கேட்டதே அபூர்வம். ஏமாந்துவிட்டேன் என்று முதலில் சுருக்கென்றது. ஒருத்தி தன் புருஷனிடம் பொய் சொல்லாமல் இருப்பதற்காக எண்பது கிலோமீட்டர் போய்வந்திருக்கிறாள் என்பது உறைத்தபோது அந்தச் சுருக்கும் போய்விட்டது. வருஷக்கணக்காகச் சின்னத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, உனக்கு யாரைப் பிடிக்கும் என்று ஒரு தடவை கேட்டதில்லை.

அப்போதும் டீக்கடையில் நான் வேண்டுமென்றே உட்கார்ந்திருந்ததை அவளிடம் ஒப்புக்கொள்ளவில்லை. வாய் வரை வந்தது. அன்றைக்கு வேண்டாம், பிறகு சொல்லலாம் என்று தள்ளினேன்.

ஒரு வாரம் கழித்து அவளை முழங்கால் டாக்டரிடம் காட்ட ஆட்டோ கூப்பிடப் போனேன். ஸ்டாண்டில் இருந்தவர் எங்கள் சந்துக்குப் பல வருஷமாக ஓட்டுகிறவர். அவர்தான் கேட்டார்.

"இப்ப அக்காவுக்குக் கால் எப்படி இருக்கு சார்? அன்னைக்கு டோல்கேட்ல பாக்கவே பாவமா இருந்துச்சு."

"என்னைக்கு?"

"ஓட்டுப் போட்ட அன்னைக்குங்க. ஒன்பதரைக்கு நான்தானே கூட்டிட்டுப் போனேன். முசிறி பஸ்ஸெல்லாம் சத்திரத்துலயே நிரம்பி வருது. அக்காவால படியில கால் தூக்கி வைக்க முடியலை. மூணு பஸ் விட்டாங்க. நாலாவது பஸ்ல நானும் ஒரு அம்மாவும் பிடிச்சுத் தூக்கிப் பாத்தோம். கண்டக்டர், உள்ள நிக்கவே இடம் இல்லம்மா, விழுந்துடுவீங்கன்னுட்டாரு. பதினொன்றரைக்கு வீட்டுல கொண்டாந்து விட்டேன். சார் எங்கன்னு கேட்டேன், அவருக்கு அவசர வேலைன்னாங்க."

நான் ஆட்டோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் முகம் கறுத்திருந்தது அடுப்படியால் இல்லை. எனக்காக ஆட்டோக்காரரிடம் ஒரு காரணமும் சொல்லியிருக்கிறாள். பொய் சொல்ல வராது என்று சொன்னவள்.

அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடை, பாலம், அணைத்து வைத்த ஃபோன், எல்லாம். முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியுங்க" என்றாள். "சைலண்ட்ல இருந்தா முதல் ரெண்டு தடவை அடிச்ச சத்தம் டீக்கடைக்காரருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அவரு அன்னைக்கே சாயங்காலம் வந்து, சார் ஃபோனை எடுக்காமயே உக்காந்திருந்தாரே, ஏதாவது பிரச்சினையாம்மான்னு கேட்டுட்டுப் போனாரு."

"ஏன் ஒண்ணும் கேக்கலை நீ?"

"கேட்டு?"

நர்ஸ் டோக்கன் நம்பரைக் கூப்பிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். வழக்கம்போல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த தடவை வாடகைக் கார் பிடித்து, வாக்குச்சாவடி வாசல் வரை கூட்டிப் போகிறேன், நான் காரிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்று சொன்னேன். பார்க்கலாம் என்றாள். ஆனால் அடுத்த தேர்தலுக்குள் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கிறவர்கள் முசிறியில் வீடு வீடாகப் போயிருக்கிறார்கள். அவள் அப்பாவின் வீடு விற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. இந்த முகவரியில் அப்படி யாரும் இல்லை என்று எழுதி அவள் பெயரை நீக்கிவிட்டார்கள் என்று தோழி ஃபோனில் சொன்னாள். ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டேன்.

"என்னன்னு எழுதறது? உண்மைதானே. நான் இங்கதானே இருக்கேன்" என்றாள்.

படிவத்தை இந்தத் தடவை அவளே நிரப்பினாள். போட்டோ இருந்தது. சில வாரங்களில் புதிய அட்டை தபாலில் வந்தது. பழைய அட்டையில் அவள் பெயருக்குக் கீழே அவள் அப்பா பெயர் இருந்தது. புதியதில் என் பெயர். இரண்டையும் சற்று நேரம் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, பீரோவுக்குள் வைத்தாள்.

சட்டமன்றத் தேர்தல் வந்தபோது முந்தின நாள் சாப்பாட்டில் நான் எந்தச் சின்னத்தைப் பற்றியும் பேசவில்லை. காலையில் ஒன்றாகப் போனோம். அவள் பெண்கள் வரிசையில், நான் ஆண்கள் வரிசையில். எனக்கு முன்னாலேயே வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்க்காமல், செருப்பை மாட்டுகிற மாதிரி குனிந்துகொண்டேன். அதையும் கவனித்திருப்பாள். ஏழரைக்கு வீட்டில் இருந்தோம். அவள் நேராக அடுப்படிக்குப் போய்த் தோசைக்கல்லை வைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன்.

"லீவு நாள்தானே, கார் வெச்சு முசிறி வரைக்கும் போயிட்டு வரலாமா? உன் ஃப்ரெண்டையும் பாத்துட்டு வரலாம்."

தட்டை எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"நாம ரெண்டு பேருமா? இன்னொரு நாள் போலாங்க. இன்னைக்கு அவ ஓட்டுப் போடப் போயிருப்பா."

குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று முழுவதும் அவள் பாடவில்லை.