ஆறாவது கதவு காயவில்லை

தோட்டத்து லொறிகளைப் பதினோரு வருஷம் கழுவியவள் நான். சொன்னால் இப்போதுள்ளவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஹட்டன் டவுனில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிரே ஒரு வேன் வந்து நின்றால், என் கண் முதலில் கதவில் இருக்கும் எழுத்துக்குத்தான் போகும். படிக்க இல்லை. இங்கிலீஷ் எனக்கு இன்றைக்கும் தெரியாது, தமிழே எழுத்துக் கூட்டித்தான். எழுத்தின் ஓரத்தில் சேறு நிற்கிறதா, யாராவது மணல் போட்டுத் தேய்த்துக் கீறி வைத்திருக்கிறார்களா என்று பார்ப்பேன். கை சும்மா இருக்காது. ஒரு முறை முந்தானையால் துடைக்கப் போய் அந்த டிரைவரிடம் ஏச்சு வாங்கினேன்.

எனக்கு அந்த வேலை வந்ததே இந்தக் கையால்தான். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், கொழுந்து நிறுக்க ரோட்டோரம் வரிசையில் நின்றேன். நல்ல மழை. பக்கத்தில் நின்ற லொறிக் கதவில் சேறு அப்பிப் போய் எழுத்தில் பாதி தெரியவில்லை. நிற்கிற நேரத்துக்கு இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கின் நுனியை நனைத்து மெதுவாகத் துடைத்தேன். தோட்டத் துரை ஜீப்பில் வந்தவர் பார்த்துவிட்டார்.

"நீ யாரு? மலைல கொழுந்து பறிக்கிறதா?"

"ஆமாங்க தொரை."

"நாளைக்கு கராஜ் வா. லொறி நீ கழுவு. சரியில்லேன்னா மலைக்கு போ."

அவ்வளவுதான் பேச்சு. மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் என் பேரை கராஜுக்குப் போட்டார்கள். கூட நின்ற பெண்களுக்குப் பொறுக்குமா?

"அடியேய், லொறிக்குப் பூ வச்சு சடை பின்னி விடப் போறியா?"

"ஒனக்கென்னடி, அட்டை கடியில்லாத வேலை!"

சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நடந்தேன். மலையில் கங்காணியின் சத்தத்துக்கும் மழைக்கும் நடுவே குனிந்தே இருந்தவளுக்கு, நிமிர்ந்து நின்று செய்கிற வேலை அது. அதைக் கைவிட எனக்கு மனசில்லை.

மூன்று லொறிகள். இரண்டு கொழுந்து ஏற்ற, ஒன்று தேயிலைப் பெட்டிகளை ஹட்டன் ஸ்டேஷனுக்குக் கொண்டு போக. அந்தப் பெட்டி லொறியை ஓட்டியவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு மேல் லயத்தில் குடியிருந்தார். வாய் ஓயாத மனுஷன்.

நான் கராஜுக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருக்கும், கொழும்பில் கம்பெனி கை மாறியது. எல்லா வண்டியிலும் பழைய பேரைச் சுரண்டிவிட்டுப் புதுப் பேர் போட வேண்டும், கொழும்புத் துரை நேரில் வந்து வரிசையாக நிறுத்திப் பார்ப்பார் என்று உத்தரவு வந்தது. ஹட்டனிலிருந்து ஒரு பெயின்ட் பாஸ் வந்தார்; கைவேலைக்காரரை இங்கே பாஸ் என்போம். சிங்கள மனுஷன், வயசானவர், தமிழும் கொஞ்சம் வரும். கடும்பச்சை பூசிய கதவில் சாக்பீஸ் தடவிய நூலைப் பிடித்துச் சுண்டிக் கோடு போடுவார். நூலின் மறுமுனையை நான் பிடித்துக்கொள்வேன். பிறகு பாலாடை நிறத்தில் எழுத்து. எழுத்துக்கு மேலே இரண்டு இலையும் ஒரு மொட்டும்.

முதல் கதவில் மொட்டைக் குட்டையாக, பருமனாக வரைந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பாஸ், கொழுந்து இப்பிடி நிக்காதுங்க. நடுவுல ஊசி மாதிரி நிக்கும்."

அவர் பிரஷை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நங்கிக்கு எழுத்து தெரியாது, கொழுந்து தெரியும்" என்று சிரித்தார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. அழித்து மறுபடி வரைந்தார். மற்ற கதவுகளிலும் நான் சொன்ன மொட்டுதான்.

ஐந்து கதவு நல்லபடியாக முடிந்தது. நடுவில் மூன்று நாள் மூடுபனியும் தூறலும் விடாமல் பிடித்ததால் ஆறாவது கதவு தள்ளிப் போனது. பெட்டி லொறியின் இடப்பக்கக் கதவு. கொழும்புத் துரை வருவதற்கு முதல் நாள் பகலில்தான் அதை முடித்தார். மூன்று மணி பஸ்ஸுக்குப் போகும்போது விரலைக் காட்டிச் சொன்னார்: "அல்லண்ட எபா, நங்கி. தொடாதே. ஹட்டன்ல ஒரு நாள். இங்க பனி, ரெண்டு நாள் காயும்."

இரண்டு நாளுக்கு எங்கே போவது? விடிந்தால் கொழும்புத் துரை வருகிறார். பஸ் சத்தம் வளைவு தாண்டுவதற்குள் நான் விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டேன். ஒட்டியது. கொஞ்ச நேரம் கராஜுக்குள் நடந்தேன். வாளியைக் கவிழ்த்தேன், நிமிர்த்தினேன். மறுபடி தொட்டேன். ஒட்டியது. கீழேயிருந்து பனி ஏறிக் கராஜ் வாசலுக்குள் வந்தது. ஈரக்காற்று பட்டால் காய்ந்ததும் இளகிவிடும், நாளைக்குத் தூசியெல்லாம் இதில் ஒட்டும், துரை என் பேரைக் கேட்பார், என்னை மலைக்குப் போடுவார் என்று ஒன்று மாற்றி ஒன்று மனசில் ஓடியது. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எங்கள் லயத்தில் பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டினால் தணலில் சாம்பிராணி போட்டுக் கூடையைக் கவிழ்த்து முடியைக் காய வைப்போம். பக்கத்து ஸ்டோரில், அதுதான் தேயிலை செய்கிற இடத்தில், பச்சையாகப் போகிற கொழுந்தை நெருப்புச் சூடுதானே காய வைக்கிறது. பெயின்ட் மட்டும் காயாதா?

அண்ணனிடம் சொன்னேன்.

"நல்ல யோசனைதான் தங்கச்சி! எங்கிட்ட சாம்பிராணி இருக்கு. புது எழுத்துக்கு வாசம் காட்டுனாப்புல இருக்கும்" என்று சீட்டுக்கு அடியிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தார். வெள்ளிக்கிழமைதோறும் லொறிக்குக் காட்டுவதற்கு வைத்திருப்பது.

ஸ்டோர் அடுப்பிலிருந்து ஒரு சட்டி தணல் வாங்கி வந்து, கதவுக்குக் கீழே கல் அடுக்கி, அதன் மேல் வைத்தேன். சாம்பிராணியும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் பெயின்ட் மேலே தோல் கட்டியது. தொட்டேன், ஒட்டவில்லை! எனக்கு வந்த சந்தோஷத்தில் இன்னும் காயட்டும் என்று சட்டியைக் கிட்டே தள்ளி, முறத்தால் விசிறினேன்.

அங்கேதான் கெட்டது. மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் கிடந்திருக்கிறது. சூட்டில் உள்ளே இருந்தது இளகி, பாலாடை சுருங்குகிற மாதிரி எழுத்து முழுக்கச் சுருங்கியது. விசிறிய சாம்பல் புள்ளி புள்ளியாக ஒட்டிக்கொண்டது. புகை ஏறி எழுத்து பழுப்பாகிவிட்டது. மொட்டு மட்டும் உயரத்தில் இருந்ததால் தப்பியது.

அண்ணன் தலையில் கை வைத்தார். "ஐயோ தங்கச்சி, சுட்ட அப்பளம் மாதிரி ஆக்கிட்டியே!"

தணலில் தண்ணீர் ஊற்றினேன்.

காலையில் அண்ணனே ஒரு வழி செய்தார். பெரட்டுக்களத்தில் மூன்று லொறியையும் நிறுத்தும்போது, பெட்டி லொறியைக் கடைசியில், அந்தக் கதவு சுவரைப் பார்க்க, சுவருக்கும் லொறிக்கும் நடுவில் ஆள் நுழைய முடியாதபடி ஒட்டி நிறுத்தினார். "வாய மூடிக்கிட்டு நில்லு. தொரை சுவத்துக்குள்ளயா பூந்து பாக்கப் போறாரு?"

கொழும்புத் துரை நடந்து பார்த்தார். ஐந்து கதவும் கண்ணாடி மாதிரி இருந்தன. நான் விடியக்காலையே துடைத்திருந்தேன். தலையை ஆட்டினார். எங்கள் துரைக்கும் முகம் மலர்ந்தது. நான் மட்டும் காலை மாற்றி மாற்றி நின்றேன். முடிந்தது என்று நினைத்தபோது கொழும்புத் துரை இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மலை வேலையைப் பார்க்கிற உத்தியோகத்தர் கண்டாக்கையா திரும்பிச் சொன்னார்: "பெட்டி லொறி கெளம்பட்டுமாம். ஸ்டேஷனுக்குப் போறதப் பாக்கணுமாம்."

அண்ணன் ஏறி உட்கார்ந்தார். வேறென்ன செய்வார்? லொறி முன்னே வந்து திரும்பியது. கதவு வெட்டவெளிக்கு வந்தது.

கண்டாக்கையாதான் முந்திக்கொண்டார். "அந்த பாஸ் வேல சரியில்லீங்க தொரை. மட்டமான பெயின்ட். இனி அவன இந்தப் பக்கமே எடுக்கக்கூடாதுங்க."

லொறிக்குள் அண்ணன் என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றார். எனக்கு நூல் பிடித்தது ஞாபகம் வந்தது. நான் சொன்னதற்காக அந்த மனுஷன் மொட்டை அழித்து வரைந்ததும் வந்தது.

"பாஸ் இல்லீங்க தொரை. நாந்தான். தணல் வச்சேன்."

"தணல்? எதுக்கு?"

"காயலீங்க."

எங்கள் துரை அதைக் கொழும்புத் துரைக்குச் சொன்னார். அவர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சிரிப்பு அடங்கியதும் எங்கள் துரை என் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மலைக்கு போ."

போனேன். அழவில்லை. ஆனால் எங்களுக்குப் போட்ட மலை ரோட்டுக்கு நேர் மேலே இருந்தது. லொறி சத்தம் கேட்டால் என் தலை தானாகத் திரும்பும்.

"கொழுந்தப் பாரு, ரோட்டப் பாக்காத!" என்பார் கங்காணி.

"அவ புருஷன் லொறில போறான் பாருங்க" என்பாள் பக்கத்து நிரைக்காரி.

என் புருஷன் அதே மலையில் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியோடு நின்றான். எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கராஜில் யாரோ சாக்கில் மணலைத் தொட்டுத் தேய்க்கிறார்கள் என்று மேலேயிருந்தே தெரிந்தது. வாரத்துக்கு வாரம் எழுத்து மங்கியது. ராத்திரி படுத்தால் விரல் தானாகப் பாயைத் தேய்க்கும்.

ஒன்றரை மாசம் போயிருக்கும். ஒரு காலை கண்டாக்கையா ரோட்டில் நின்று கூப்பிட்டார். "ஏ புள்ள! எறங்கி வா! எழுத்தெல்லாம் மங்கிப் போச்சாம், ஒன்னைய கராஜுக்குக் கூப்புடுறாங்க!"

நிரை பாதியில் இருந்தது. விட்டுவிட்டு ஓட வேண்டும் போல் கால் பரபரத்தது. ஓடவில்லை. நிரையை முடித்து, கூடைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினேன்.

"வாறேங்க. ஆனா ஸ்டோருலருந்து வெந்நி வேணும். மெத்துன துணி வேணும். மணல் அந்தப் பக்கமே வரக்கூடாது."

"மகராணி வேற என்ன கேக்குறீங்க?"

"அவ்வளவுதாங்க."

கிடைத்தது.

சுருங்கிய கதவைச் சுரண்டி எழுதப் பாஸ் வந்திருந்தார். என்னைக் கண்டதும் தன் பீடியை மிதித்து அணைத்துவிட்டு, "நங்கி வாறா, நெருப்பு எபா!" என்றார். கண்டாக்கையா அன்று சொன்னதையும் நான் சொன்னதையும் அண்ணன் அவரிடம் சொல்லியிருந்தார் போல. நூலின் முனையை என்னிடம் நீட்டினார்.

எழுதி முடித்துப் போனபோது மறுபடி பனி. மற்ற இரண்டு லொறியையும் கழுவிவிட்டு அந்தக் கதவுக்கு எதிரே பெட்டி மேல் உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். கை போகாமல் இருக்க இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டேன். அண்ணன் செய்த கேலி கொஞ்சமில்லை. இரண்டு நாள் என்று பாஸ் சொன்னார், நான் நான்கு நாள் விட்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் கையைக் கழுவி, துடைத்து, எழுத்தின் ஓரத்தில் ஒரு விரலை வைத்தேன். எடுத்துப் பார்த்தேன். விரல் சுத்தமாக இருந்தது.