வாடைப் பக்கத்த வெட்டச் சொன்னோம்

எங்க படகு ஒரு பக்கமா சாயும். இத மொதல்ல சொல்லிடறேன், இது தெரியலன்னா மத்தது எதுவும் புரியாது. பெரிய சாய்வு இல்ல. தட்டுல ரசம் ஊத்தினா ஒரு ஓரமா போயி நிக்கும் பாருங்க, அந்த அளவுதான். அந்தச் சாய்வுக்கு ஊரே சேந்து ஒரு காரணம் வெச்சிருந்துச்சு. எங்க வீட்டுக்காரரோட வயிறு.

அவருக்கு வயிறு பெருசுதான், நான் இல்லன்னு சொல்லல. கல்யாணத்தப்போ ஒட்டடக்குச்சியாட்டம் இருந்தாரு. உன் மீன் கொழம்புதான் இப்பிடிப் பண்ணிடுச்சும்பாரு. கேக்க எனக்கு நல்லாத்தான் இருக்கும். படகுல அவருக்குன்னு ஒரு எடம் உண்டு, இஞ்சினுக்கு முன்னாடி, வலை இழுக்கிற பக்கம். வருசக்கணக்கா அங்கதான் ஒக்காருவாரு. படகும் அந்தப் பக்கந்தான் சாயும். என் மவனோட தொழிலுக்குப் போற பசங்க சும்மா இருப்பானுங்களா. "பெரியப்பா, நாளைக்கி வரும்போது கொஞ்சம் காத்து எறக்கிட்டு வாங்க"ம்பானுங்க. அவரும் சிரிப்பாரு.

போன வருசம் ஒரு நாள் அலை அந்தப் பக்கமா ஏறி உள்ள தண்ணி வந்துடுச்சு. அன்னையிலேருந்து என் மவனுக்கு சிரிப்பு போயிடுச்சு. "அப்பா, நீங்க இனிமே கரையில இருங்க"ன்னுட்டான். ஐஸ் பொட்டிய எடுத்து எதிர்ப்பக்கம் வெச்சு கட்டினான். படகு நேரா நின்னுச்சு. அப்போ வயிறுதான் காரணம்னு முடிவாயிப்போச்சு. எங்க பக்கத்து வீட்டம்மா மட்டும் கேட்டுச்சு, "ஏம்ப்பா, ஒங்கப்பாதான் இப்ப ஏறறதில்லயே, பொட்டிய எடுத்தா இன்னும் அந்தப் பக்கந்தானே சாயுது"ன்னு. அதுக்கு என் மவன் சொல்றான், "இத்தன வருசம் ஒக்காந்திருக்காருல்ல, படகுக்கே பழகிப்போச்சு"ன்னு. நாங்களும் ஆமா ஆமான்னு தலையாட்டினோம். படகு என்ன மாடா பழகறதுக்கு. அது அப்போ யாருக்கும் தோணல.

அவரு தெனம் கரைக்குப் போவாரு. படகத் தண்ணியில தள்ளிவுட தோள் குடுப்பாரு. அது போயி புள்ளியா மறையிற வரைக்கும் முட்டி நனைய நிப்பாரு. அப்பறம் வந்து சோத்துல பாதிய ஒதுக்கி வெச்சிட்டு கைய கழுவிடுவாரு. வயிறு மட்டும் அப்பிடியேதான் இருந்துச்சு, அது வேற விசயம்.

இந்த வருசம் கார்த்திகையில நல்ல மழ. வேதாரண்யத்துக்கும் எங்களுக்கும் நடுவுல ரோடே தெரியல. மேக்க உள்ள ஊருங்கள்ல வயக்காட்டுக்காரவங்க சம்பா சாஞ்சிடுமோன்னு வானத்தப் பாக்குறாங்க, நாங்க காத்தப் பாக்குறோம். நான் கருவாட்டுக் கூடைய எடுத்துக்கிட்டு அந்த ஊருங்களுக்குத்தான் போவேன். மழன்னா கருவாட்டுக்கு நல்ல யாவாரம். நண்டு கெடக்கிற வயலு ஓரமா நடந்தா காலெல்லாம் சேறு. அத வுடுங்க. அந்தக் காத்துல கட்டியிருந்த எங்க படகு பக்கத்துப் படகுல மோதி, ஓரத்துல விரிசல் வுட்டுடுச்சு. பைபர் படகுதான், மரம் இல்ல. கண்ணாடி நாரும் பசையுமா ஒட்டிப் பண்றது. விரிசல் வுட்டா அந்த எடத்த வெட்டி எடுத்துட்டு புதுசா பைபர் பாய் போட்டு ஒட்டணும். எப்பிடியும் கடலுக்குப் போக முடியாத மாசம், முழுசா ரெடி பண்ணிடலாம்னு என் மவன் சொன்னான்.

அப்பத்தான் அவரு வாயத் தொறந்தாரு. சாப்பிடும்போது, யாரையும் பாக்காம, தட்டப் பாத்து சொன்னாரு. "தை பொறந்து எறக்கும்போது நான் ஒருவாட்டி ஏறிப் பாக்கறேன். சாஞ்சா நானே எறங்கிடறேன்."

என் மவன், "பாக்கலாம்ப்பா"ன்னான்.

எங்க வீட்டுல பாக்கலாம்னா இல்லன்னு அர்த்தம். அவருக்கும் தெரியும். ஆனாலும் மறுநாள்லேருந்து காலையில எந்திரிச்சதும் உப்புத்தாள எடுத்துக்கிட்டு படகுகிட்ட போயிடுவாரு. பழைய பெயிண்ட சொரண்டறது, ஒட்டியிருக்கிற சிப்பிய தட்டி எடுக்கறது, எல்லாம் அவருதான். அந்த பைபர் தூசி இருக்கே, ஒடம்புல பட்டா ராத்திரி பூரா அரிக்கும். அவரு கைலிய வேற துணியோட சேத்து தொவைக்கக் கூடாதுன்னு எங்களுக்கு யாரும் சொல்லல. என் மருமவ ஒரு நாள் எல்லாத்தையும் ஒண்ணா ஊற வெச்சிட்டா. அந்த வாரம் பூரா வீடே சொறிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பேத்தி பள்ளிக்கூடத்துல டீச்சர் கேட்டாங்களாம், வீட்டுல என்ன நாய் வளக்கிறீங்களான்னு.

படக அடியில பாக்கணும்னா கவுத்துப் போடணும். ஆளுங்க வந்தாங்க. அணியம், அதாவது படகோட மூக்கு, கடலப் பாத்த மாதிரி இருந்துச்சு. அத அப்பிடியே வெச்சு ஒரு பக்கமா புரட்டினாங்க. ஒரு பக்கம் சுளுவா தூக்குது, இன்னொரு பக்கம் தூக்கவே முடியல. பசங்களுக்கு கேக்கணுமா. "பெரியப்பா உள்ள ஒக்காந்திருக்காரு போல, எறங்கச் சொல்லுங்கடா"ன்னு ஒருத்தன். "நெழலு ஒட்டிக்கிட்டு இருக்குடா"ன்னு இன்னொருத்தன். அவரு அங்கயேதான் நின்னாரு. அன்னைக்கி சிரிக்கல. நாக்கு நீளமா பேசறானுங்களேன்னு எனக்கு வாயி வரைக்கும் வந்துச்சு. அத முழுங்கிட்டு டீத்தண்ணி போட்டுக் குடுத்தேன்.

மறுநாள் பைபர் வேலை பாக்கறவரு தரங்கம்பாடிப் பக்கத்துலேருந்து பைக்குல வந்தாரு. என் மவன் பசையும் பாயும் வாங்க நாகப்பட்டினம் போயிட்டான். விரிசலு வெளியில தெரியாது, மழத்தண்ணி எறங்கக் கூடாதுன்னு என் மவன் அதுமேல பட்டி பூசி பெயிண்டும் அடிச்சிருந்தான். அதனால வந்தவரு அவனப் போனுல கேக்குறாரு, எந்தப் பக்கம் தம்பின்னு. போனு ஸ்பீக்கருல இருந்துச்சு, நானே கேட்டேன். "வாடைப் பக்கம்ண்ணே, நடுவுக்கு கொஞ்சம் முன்னாடி. அம்மாகிட்ட கேளுங்க, காட்டும்."

நானும் கையக் காட்டினேன். வாடைப் பக்கம்னா எங்களுக்கு வடக்கு. அந்தக் காத்து வர்ற தெச. தெக்குன்னா சோழகம். இடது வலதுல்லாம் எங்க வாயில வராது. வாடைப் பக்கம் நகரு, சோழகப் பக்கம் படு, இப்பிடித்தான் பேச்சு. ஒருவாட்டி முட்டி வலிக்குதுன்னு ஆஸ்பத்திரிக்குப் போயி, எந்த முட்டி பாட்டின்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. வாடைப் பக்க முட்டின்னேன். அது சிரிச்சிட்டு, கட்டில்ல திரும்பிப் படுங்க பாட்டின்னுச்சு. படுத்ததுக்கப்பறம் நானே எந்த முட்டின்னு தடவிப் பாத்துக்க வேண்டியதாப் போச்சு.

வாடைப் பக்கம் போயி அந்த பைபர்காரரு குனிஞ்சு பாத்தாரு. அங்க ஒரு பழைய ஒட்டுப் போட்ட கோடு மங்கலா தெரிஞ்சுச்சு. "இந்தா இருக்கு பெரியம்மா"ன்னாரு. மூக்குல துணியக் கட்டிக்கிட்டு வெட்டுற மிஷின ஓட வுட்டாரு. என்னா சத்தம், என்னா தூசி. நான் முந்தானைய மூஞ்சியில போட்டுக்கிட்டு தள்ளி ஒக்காந்து கருவாட்டப் பொறுக்கிக்கிட்டு இருந்தேன்.

எங்க வீட்டுக்காரரு அந்தாளுக்கு டீ வாங்கப் போயிருந்தாரு. கவருல டீய கட்டி எடுத்துக்கிட்டு வந்தவரு, படகப் பாத்தாரு. அப்பிடியே நின்னுட்டாரு.

"யோவ்"னாரு. "விரிசலு அந்தப் பக்கம்யா."

மிஷின் நின்னுச்சு. எனக்கு கையில இருந்த கருவாடு நழுவி உழுந்துடுச்சு. நல்லா இருக்கிற பக்கத்துல ஒரு சன்னலு அளவுக்கு வெட்டியாச்சு. அந்தாளு மிஷின கீழ வெச்சாரு. "பெரியம்மாதான் காட்டினாங்க, தம்பியும் வாடைப் பக்கம்னுதான் சொன்னாரு"ன்னு என்னையப் பாக்குறாரு. நான் வாடைப் பக்கந்தானேன்னு கையக் காட்டுறேன். கை சரியாத்தான் இருக்கு, வடக்குதான். படகு தப்பா இருக்கு.

அந்த நேரத்துல வெட்டின துண்டு தானா வுட்டு உழுந்துச்சு. உள்ளேருந்து தண்ணி.

சொட்டு சொட்டா இல்ல. கொடத்தக் கவுத்தாப்புல. கருப்பா, நாத்தமா, வெள்ள வெள்ளயா தெர்மாகோல் உருண்டையோட ஊத்துது. படகோட ஓரச்சுவரு ரெண்டு தோலு மாதிரி இருக்கும், நடுவுல மெதக்கறதுக்கு தெர்மாகோல வெச்சு மூடிடுவாங்க. அதுக்குள்ள காத்துதான் இருக்கணும். தண்ணிக்கு அங்க என்ன வேல. மழத்தண்ணி ஏறியிருக்கும்னு நான் சொன்னேன். சொல்லும்போதே, கவுந்து கெடக்கிற படகுல மழ எப்பிடி ஏறும்னு எனக்கே தோணிடுச்சு.

அவரு டீய கீழ வெச்சாரு. கிட்டப் போயி வெரல நனைச்சு நாக்குல வெச்சுக்கிட்டாரு.

"உப்பு"ன்னாரு.

தண்ணி ஓடிக்கிட்டே இருக்கு. மணலு குடிக்குது, இன்னும் வருது. அந்த பைபர்காரரு மெதுவா, "பழைய ஒட்டுல ஓட்ட இருந்திருக்கு. வருசக்கணக்கா கடத்தண்ணி உள்ள போயிருக்கு பெரியப்பா"ன்னாரு.

அவரு என்னையப் பாத்தாரு. "புள்ள, இது எந்தப் பக்கம்?"

"வாடைப் பக்கம்"னேன்.

"இப்போ வாடைப் பக்கம். நிமித்தி வெச்சா?"

நான் கைய படகு மாதிரி வெச்சு புரட்டிப் பாத்தேன். கட்டவெரலு அந்தப் பக்கம் போயிடுச்சு. எனக்கு தூக்கிவாரிப் போட்டுச்சு. நிமுந்திருக்கும்போது என் மவன் பாத்த வாடைப் பக்கம், கவுந்ததும் சோழகப் பக்கம் ஆயிடுச்சு. நான் காட்டினது அதுக்கு எதிரு.

"என் பக்கம்"னாரு அவரு. "நான் ஒக்கார்ற பக்கம்."

டீய எடுத்து அந்தாளுகிட்ட குடுத்துட்டு, தண்ணி கடைசிச் சொட்டு நிக்கிற வரைக்கும் அங்கயே குந்திக்கிட்டு பாத்தாரு. ஒரு மனுசன் வயித்துமேல ஊரே பழியப் போட்டிருக்கு, நெசக் குத்தவாளி ஓரச்சுவத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு அவரு கூடவே கடலுக்குப் போயி வந்துக்கிட்டு இருந்திருக்கான்.

சாயங்காலம் என் மவன் வந்து பாத்தான். ஓட்டையப் பாத்தான், ஈர மணலப் பாத்தான், வாயில கைய வெச்சுக்கிட்டு நின்னான். அப்பறம், "இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்"னான்.

"இதுவும்னா வேற என்னடா காரணம்"னு கேட்டேன்.

"அப்பாவுக்கு வயசும் ஆகுதும்மா."

நேத்து வரைக்கும் வயிறு, இன்னைக்கி வயசு. எனக்கு வந்த ஆத்திரத்துல அவனுக்கு அன்னைக்கி மீன் துண்டு வெக்கல, வெறுங்கொழம்பு.

ரெண்டு பக்கமும் ஒட்டியாகணும்னு ஆச்சு. மார்கழி ஈரத்துல பசை காயவே மாட்டேங்குது. சீக்கிரம் எறுகட்டும்னு அந்த பைபர்காரரு பசை வாளியில மருந்த கொஞ்சம் கூட ஊத்திட்டாரு. வாளி தானா பொகையுது, அடுப்பு இல்ல, நெருப்பு இல்ல. நான் தண்ணிய ஊத்தப் போனேன், ஊத்தாதீங்க பெரியம்மான்னு ஓடி வந்தாரு. பசை வாளியோட கல்லாப் போச்சு. அந்த வாளி இன்னும் எங்க கொல்லையில இருக்கு, கோழி அதுமேல ஏறி நிக்கும். அந்த நாத்தத்துல நாங்க நாலஞ்சு நாளு சோறு தின்னோம், பொங்கலு வெக்கிற பானையில கூட அந்த வாசன.

தை பொறந்துச்சு. வெயிலடிச்சுச்சு. படகுக்கு நீலமும் வெள்ளையுமா பெயிண்டு. மஞ்சக் குங்குமம் வெச்சு, தேங்கா ஒடச்சு, ஆளுங்க சேந்து தண்ணியில எறக்கினாங்க. எங்க வீட்டுக்காரரும் தோள் குடுத்தாரு. ஆனா ஏறல. முட்டித் தண்ணியில நின்னாரு, எப்பவும் நிக்கிற மாதிரியே. யாரும் ஏறுங்கன்னு சொல்லல, அவரும் கேக்கல. நான் கரையில நின்னுக்கிட்டு, என் மவன் இப்ப கூப்புடலன்னா நானே தண்ணியில எறங்கி அவன ஏசிடறதுன்னு சேலைய தூக்கிச் சொருகிக்கிட்டேன்.

படகு மெதந்துச்சு. மெதந்து, சாஞ்சுச்சு.

இவ்ளோ வேல பாத்தும் சாயுது. இந்தவாட்டி எதிர்ப்பக்கமா. என் மவன் பேயடிச்ச மாதிரி உள்ள நிக்கிறான். இப்போ யாரு வயித்தச் சொல்றது.

அவருதான் மொதல்ல கண்டுபுடிச்சாரு. ஐஸ் பொட்டி. தண்ணியோட கனத்துக்கு ஈடா எதிர்ப்பக்கம் கட்டி வெச்ச பொட்டிய, பழக்கத்துல அங்கயே வெச்சு கட்டியிருக்கானுங்க. தண்ணி போயிடுச்சு, பொட்டி போகல.

அவரு கைலிய மடிச்சுக் கட்டினாரு. ஓரத்தப் புடிச்சு உந்தி ஏறினாரு. அந்த வயசுல, அந்த வயித்தோட. போயி தன் எடத்துல ஒக்காந்தாரு. படகு மெதுவா நிமுந்து, மட்டமா நின்னுச்சு. தட்டுல ரசம் ஊத்தியிருந்தா நடுவுல நின்னிருக்கும்.

பக்கத்து வீட்டம்மா வாயில முந்தானைய வெச்சுக்கிட்டு குலுங்கிச் சிரிக்குது. எனக்கு சிரிப்பும் கண்ணுல தண்ணியும் ஒண்ணா வருது. என் மவன் அவரையே பாத்தான். அப்பறம் குனிஞ்சு, ஐஸ் பொட்டி கயித்த அவுக்கப் போனான், நடுவுல நகத்தலாம்னு.

"ஏய், அதத் தொடாதடா"ன்னாரு அவரு. "அது அங்கயே இருக்கட்டும்."

கயித்த வுட்டுட்டு என் மவன் இஞ்சினு கிட்ட போனான்.