மருந்து வாடை போன வீடு

வேலை செய்யும்போது பால்ராஜால் பேச முடியாது. மூக்கையும் வாயையும் மூடிய ரப்பர் முகமூடி, கன்னத்துக்கு ஒன்றாக வட்ட வடிகட்டி. பழைய பைக் இன்ஜின்களின் அலுமினியக் கவர்களில் ஏறிக் கிடக்கும் பெயிண்டை எடுப்பது அவர் தொழில். விராலிமலையிலிருந்து ஆவூர் போகும் வழியில் வீடு. வீட்டின் பின்சுவரை ஒட்டித் தகரக் கொட்டகை. கொட்டகைக்கும் அடுப்படிக்கும் இடையில் அந்த ஒரு சுவர்தான்.

இரும்பு என்றால் காஸ்டிக் சோடா கரைத்த வெந்நீரில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடலாம். அலுமினியத்தை அதில் போட்டால் நுரைத்துக் கறுத்து, கவரே கரையத் தொடங்கிவிடும். எனவே பெயிண்ட் ரிமூவர். பால்ராஜ் அதை ‘மருந்து’ என்பார். கூழ் மாதிரி இருக்கும். பிரஷ்ஷால் அப்பி பாலிதீன் தாளால் மூடினால், கொஞ்ச நேரத்தில் பெயிண்ட் பால் ஏடு போலச் சுருங்கி எழும்பும். அதை மூங்கில் சில்லால் வழிக்க வேண்டும். இரும்புத் தகடு பட்டு விளிம்பில் கீறல் விழுந்தால், பிறகு அந்த வழியாக ஆயில் கசியும்.

மருந்தின் வாடையில் தலை கிறுகிறுக்கும். குளித்தாலும் போகாது. முக்கு டீக்கடை ராக்கன் அவரைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடுவார்.

“வாய்யா பால்ராசு. நீ வந்து ஒக்காந்தா வடை மேல ஒரு ஈ இல்ல. தெனம் ரெண்டு நேரம் வந்துட்டுப் போ, டீ நான் தாரேன்.”

எல்லோரும் சிரிப்பார்கள். பால்ராஜும் சிரிப்பார். பெஞ்சில் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருக்கும்.

மனைவி வியாகுலமேரி, மகள் ஸ்வீட்டியின் பிரசவத்துக்குத் திருச்சி போனவர். “புள்ளைக்குத் தலை நிக்கட்டும், வந்துர்றேன்” என்றார். தலை நின்றது. தவழட்டும் என்றார். தவழ்ந்து, எழுந்து நடக்கவும் தொடங்கிவிட்டது. ஒருநாள் போனில் பால்ராஜ் நேராகவே கேட்டார்.

“நீ எப்பத்தான் வருவ?”

“அந்த வாடைய நெனச்சாத்தாங்க யோசனையா இருக்கு. சோத்துல கூட மருந்து அடிக்கும். இங்க வந்ததுலேர்ந்து எனக்கு இருமலே இல்ல.”

பால்ராஜுக்கு இந்தப் பதில் ஆறுதலாக இருந்தது. வாடைதான் காரணம் என்றால் அதற்கு ஏதாவது செய்யலாம்.

முதலில் நெடுஞ்சாலை ஓரம் வாடகைக்குக் கடை தேடினார். என்ன வேலை என்று கேட்டதும் கட்டடச் சொந்தக்காரர்கள் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார்கள். அப்புறம்தான் பிரேக் ஆயில் நினைவுக்கு வந்தது. அது பெட்ரோல் டேங்கில் சிந்தினால் பெயிண்ட் உரிந்துவிடும். வண்டிக்காரரிடம் அதற்காகத் திட்டு வாங்காத மெக்கானிக் கிடையாது. அந்தத் தப்பையே வேலையாக்கிப் பார்த்தால் என்ன?

மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பில் பிரேக் ஆயிலை ஊற்றிக் கவர்களை மூழ்க வைத்தார். மறுநாள் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த நாள் அங்கங்கே கொப்புளம் எழும்பியது. அப்புறமும் ஊறவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தபோது பெயிண்ட் வழுக்கிக்கொண்டு வந்தது. வாடை இல்லை, முகமூடியும் வேண்டாம். ஆனால் ஸ்ப்ரே டப்பாவில் அடித்த பெயிண்டுக்குத்தான் இது சரிப்பட்டது. சூளையில் சுட்ட கம்பெனி பெயிண்ட் அசையவில்லை. அந்த வேலைகளை வேண்டாம் என்று திருப்பினார்.

புதுக்கோட்டையில் பழைய பைக்குகளைப் புதுசாக்கும் பாலாஜி கடுப்பானான்.

“என்னண்ணே, கவரைக் கழுவச் சொன்னா ஊறுகா போட்டு வச்சிருக்கீங்க?”

“ஊறட்டும் தம்பி.”

“வண்டிக்காரன் என்னைய ஊறப் போட்டுருவான்ணே.”

பாதி வேலையை அவன் வேறு இடத்துக்குக் கொண்டுபோனான். பால்ராஜ் தடுக்கவில்லை. மிச்சமிருந்த மருந்து டின்களை வெளியேற்றினார். அடுப்படிக்கு வெள்ளையடித்தார். தலையணைகளை வெயிலில் போட்டார். டீக்கடையில் ராக்கன் அவரை மேலும் கீழும் பார்த்தார். “என்னய்யா, பவரு போச்சா? ஈயெல்லாம் ஒன்மேலயே ஒக்காருது.”

ஆவூர் மாதா கோயில் தேர்த் திருவிழாவுக்கு மேரி வந்தார். வாசலிலேயே நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்.

“ஆத்தாடி! வாடையே இல்லீங்க!”

பால்ராஜ் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

தேர் முடிந்த மறுநாள் காலை அவர் கொட்டகையில் உட்கார்ந்ததும், மேரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் போட்டார். மடியில் முறத்தில் பூண்டு. பேத்தி பேசும் மழலை, மாடி வீட்டுக்காரியின் நாய், கோயில் பாட்டுக் குழுவில் தன்னைச் சேர்த்துக்கொண்டது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். பால்ராஜ் “ம்” என்றார். பூண்டு உரித்து முடிந்தது. பேச்சும் முடிந்தது. பிரஷ் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. உச்சிப்பொழுது நெருங்கியபோது பால்ராஜ் வாய் திறந்தார்.

“வெயில் வருது. சேர அங்கிட்டுப் போடு.”

மேரி நாற்காலியை நகர்த்தவில்லை.

“ஏங்க, ஒன்னு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“வாடைன்னு சொன்னது பொய்யில்ல. ஆனா அது மட்டும் இல்ல. மூஞ்சில அதை மாட்டியிருந்த வரைக்கும், அதனாலதான் பேச மாட்டேங்கிறீங்கன்னு நெனச்சிருந்தேன். இப்ப அது இல்ல. காலையிலேர்ந்து நானும் ஒக்காந்திருக்கேன்.”

பிரஷ் நின்றது. “வேல…” என்றார் பால்ராஜ்.

“வேலதான். அங்க ஸ்வீட்டி வீட்டுல ஓயாமப் பேச்சு. சண்ட போடுறதுக்குக் கூட ஆளு இருக்கு. இங்க நானே பேசி நானே கேட்டுக்கிறேங்க.”

இருந்துவிடு என்று சொல்ல வேண்டும். அவருக்கு அது தெரிந்தது. “சாப்பிடுவோமா?” என்றார்.

மாலை பஸ்ஸுக்கு மேரி கிளம்பினார். விராலிமலை பஸ் ஸ்டாண்டு வரை பை பால்ராஜின் கையில் இருந்தது. “நீங்களும் அங்க வாங்களேன்” என்றார் மேரி, படியில் ஏறும்போது. “பாப்போம்” என்றார் பால்ராஜ். பஸ் போய்விட்டது.

நன்றாக இருட்டிய பிறகு பால்ராஜே போன் போட்டார்.

“போய்ச் சேந்துட்டியா?”

“வந்துட்டேங்க.”

வழக்கமாக இத்தோடு சரி. இன்று அவர் வைக்கவில்லை. கண்ணெதிரே கிடந்ததைப் பார்த்தார்.

“காலையில நீ இருக்கும்போது தேச்சேன்ல, அந்தக் கவரு. மேல கறுப்பு. கறுப்பு போனா செவப்பு. அதுக்கும் அடியில நீலம்.”

“ம்.”

“நீலத்துல ஒரு கட்டவெரல் ரேகை. அப்படியே பதிஞ்சு கெடக்கு.”

“பெரிய வெரலா, சின்னதா?”

பால்ராஜ் கவரைத் தூக்கி பல்புக்குக் கீழே பிடித்தார். “பெருசுதான்.”

“காயுறதுக்குள்ள தொட்டுட்டான் போல. பொறுமையில்லாத மனுசன்” என்று மேரி சிரித்தார். அங்கே குழந்தை வீறிட்டது. “இருங்க, வச்சிராதீங்க” என்று போனை எங்கோ கிடத்திவிட்டுப் போனார்.

பால்ராஜ் வைக்கவில்லை. அந்த வீட்டுச் சத்தம் காதில் விழுந்தது. டி.வி., யாரோ யாரையோ கூப்பிடுவது, பாத்திரம் உருளுவது. கேட்டுக்கொண்டே, மேரி திரும்பி வந்ததும் அடுத்து என்ன சொல்லலாம் என்று தேடிக்கொண்டிருந்தார்.