கன்னம் கொழுத்த நோயாளி

"மனுதாரர் நல்ல ஊட்டத்துடன் இருக்கிறார். விழுங்குவதில் குறையில்லை. மயக்கமும் படபடப்பும் பாசாங்கு."

நோய் ஓய்வூதியம் கேட்ட ஜெரோனிமாவைப் பற்றி அரசு மருத்துவர் எழுதியது இது. ஊட்டம் என்று அவர் கண்டது அவளுடைய கன்னங்களை. அவளுக்கு இருந்தது, பிரேசிலின் கோயாஸ் பக்கத்தில் மண்சுவர் வெடிப்பில் குடியிருக்கும் பூச்சி கடித்து வருகிற நோய். ஊரில் அதற்குத் தொண்டையடைப்பு என்று பெயர். உணவை இறக்கிவிடும் நரம்புகள் பட்டுப்போய்ச் சோறு நெஞ்சிலேயே நிற்கும். உமிழ்நீர் ஊறி ஊறிக் கன்னம் மட்டும் உப்பும். பட்டினி கிடப்பவருக்குச் செழித்த முகத்தைக் கொடுக்கிற நோய் வேறெங்கும் உண்டோ என்னவோ. கன்னத்துக்குக் கீழே ஜெரோனிமா எலும்பும் தோலும்தான்.

கெடுதல் தொண்டையோடு நிற்கவில்லை. நாம் சொல்லாமலே உடம்பு தானாகப் பார்த்துக்கொள்கிற காரியங்களெல்லாம் தடுமாறின. சட்டென்று எழுந்தால் ரத்தம் தலைக்கு ஏறாது. நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டு யோசிக்கும். பண்ணை வீட்டுச் சமையல்காரியான அவள் அடுப்படியில் குனிந்து நிமிர்ந்தால் சுவரைப் பிடித்தாக வேண்டும்.

இதையெல்லாம் நன்றாக அறிந்தவள் ஃபிர்மினா. அவள் மகளை ஞானஸ்நானத்தில் ஏந்தியவள் ஜெரோனிமா. அந்த உறவில் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றே அழைத்தார்கள். ஃபிர்மினாவுக்கும் அதே அடைப்பு. சமையலறைப் பின்புறம் தண்ணீர்ப் பானையருகே நின்றபடி இருவரும் சாப்பிடுவார்கள்: ஒரு கவளம், ஒரு மிடறு, கையைத் தூக்கி ஒரு குதி. தண்ணீர் தள்ளினால்தான் சோறு இறங்கும்.

"கோழிகூட நம்மளவிட நாகரிகமாத் தின்னும்டி, கொமாத்ரே."

"கோழிக்கு நம்ம அளவுக்கு ஆடத் தெரியுமா?"

மருத்துவர் வந்த அன்று காய்ந்த ரொட்டித் துண்டைக் கொடுத்து விழுங்கச் சொன்னார். மரியாதைக்காரர், கூடவே ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தார். பெரிய மனிதர் கொடுத்ததை மறுக்கலாகாது என்று ஜெரோனிமா குடித்தாள். ரொட்டி இறங்கிவிட்டது. பிறகு சாட்சி சொல்ல அவளே அழைத்து வந்திருந்த ஃபிர்மினாவைக் கேட்டார்.

"இவளுக்கா, டாக்டரய்யா? கல்லக் குடுத்தாலும் கரைச்சிருவா. மயக்கம் வேலைய நெனச்சா வர்றது."

வாசலில் ஜெரோனிமா வழிமறித்தாள்.

"ஏண்டி, உன் வாயாலயா?"

"பள்ளிக்கூடச் சமையலறையில இப்பத்தான் என்னை வேலைக்கு எடுத்திருக்காங்க. அடைப்புக்காரின்னா உள்ளயே விட மாட்டாங்க. நீயும் நானும் ஒண்ணா நின்னு தின்னது ஊருக்கே தெரியும். உனக்கிருக்குன்னா எனக்கும் இருக்குன்னுதானே அர்த்தம்?"

"அதுக்கு என்னை நடிகையாக்கிட்டியே."

ஓய்வூதியம் வரவில்லை. மாதக்கணக்கில் ஜெரோனிமா மனதுக்குள் ஒரு வசனத்தைப் பழகிக்கொண்டிருந்தாள்; ஊர் நடுவில் ஃபிர்மினாவின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியது.

அதற்கு இடம் ஃபிர்மினா மகள் கல்யாணத்தில் கிடைத்தது. மணப்பெண்ணின் ஞானத்தாயான ஜெரோனிமாவுக்கு, சமைக்க வரமாட்டேன் என்று சொல்ல வழியில்லை. பந்தியில் ஃபிர்மினாவின் பக்கத்தில் பள்ளித் தலைமையாசிரியை. காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்து ஃபிர்மினா தண்ணீரே வைத்துக்கொள்ளவில்லை, உட்கார்ந்தே சாப்பிட்டாள். இரண்டாம் கவளத்தில் சோறு நின்றது. கண் பிதுங்கியது, நெற்றி வியர்த்தது, உதட்டில் நிறமில்லை.

"என்னம்மா, என்ன ஆச்சு?" என்றார் தலைமையாசிரியை.

அடுப்படியிலிருந்த ஜெரோனிமாவுக்கு எது என்னவென்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. ஒரு வார்த்தை போதும். ஃபிர்மினாவின் வேலை அங்கேயே போய்விடும். பழகிய வசனம் நாக்கு நுனியில் இருந்தது.

ஜெரோனிமா வேகமாக எழுந்தாள். கண் இருட்டியது. தண்ணீர்க் கூஜாவைப் பிடித்துக்கொண்டே பந்திக்கு வந்தாள்.

"சோத்துல உப்ப அள்ளிப் போட்டுட்டேன், எல்லாரும் மன்னிக்கணும். தண்ணி குடிங்க!"

உப்பு சரியாகத்தான் இருந்தது. முதலில் தலைமையாசிரியைக்கும் அடுத்து ஃபிர்மினாவுக்கும் பிறகு பந்தி முழுவதற்கும் ஊற்றினாள். எல்லாரோடும் சேர்ந்து ஃபிர்மினாவும் குடித்தாள்; சோறு இறங்கியது. ஃபிர்மினா கையைப் பிடிக்க வந்தபோது கூஜாவை அந்தக் கையில் வைத்துவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்கு நடந்தாள். அதன்பின் ஃபிர்மினாவோடு அவள் பேசவில்லை.