வலிக்காத புண்

பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வெடித்து, அதன் சுவர் என் வீட்டுக்காரர் முதுகில் சரிந்தபோது அவர் உடம்பில் ஒரு பொட்டுத் தீக்காயம் படவில்லை. தாயில்பட்டிப் பக்கம் நடந்த விபத்து. பார்க்க வந்த சொந்தபந்தமெல்லாம் முதலில் அவர் கைகளைத் திருப்பிப் பார்த்தது, அப்புறம் முகத்தை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று ஆறுதல் வேறு. எங்கள் பக்கம் விபத்தைத் தீக்காயத்தை வைத்துத்தான் அளப்பார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாமல் கிடக்கிற மனிதரைப் பார்த்து இப்படிச் சொல்கிறார்களே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நானும் அதே ஊரில் வளர்ந்தவள்தான்.

கம்பெனி செலவில் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். வீட்டுக்கு அனுப்பும் அன்று, காரியாபட்டிக்கார நர்ஸ் ஒருவர் என்னைத் தனியே உட்காரவைத்துப் பேசினார்.

"தண்டுவடம் அத்துப்போச்சும்மா, கால் திரும்ப வராது. இனிமே இவரு உசுரு தோல்லதான் இருக்கு. ஒரே எடத்துல அழுந்துனா செவக்கும், செவந்த எடம் புண்ணாகும். அவருக்கு வலி தெரியாது, நீங்கதான் பாக்கணும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா பொரட்டிப் போடுங்க. உக்காந்திருந்தா கால்மணிக்கு ஒருக்கா கையை ஊனி இடுப்பைத் தூக்கச் சொல்லுங்க. புண்ணை விட்டுட்டீங்கன்னா ஆளைக் கொண்டுபோயிரும்."

நான் தலையாட்டினேன். புரட்டிப் போட வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த கட்டிலில் சிவகாசி அச்சாபீஸ் முதலாளி ஒருவரின் மகன். பைக்கில் போய் விழுந்து அவனுக்கும் அதே இடத்தில் முதுகெலும்பு நொறுங்கியிருந்தது. "நீங்க எந்த மெத்தை வாங்குறீக?" என்று அவன் அம்மா என்னிடம் கேட்டார். காற்று ஏறி இறங்குகிற மெத்தை வாங்கியதையும், பகலுக்கு ஒரு ஆள், ராத்திரிக்கு ஒரு ஆள் போட்டதையும், சக்கர நாற்காலி போகும்படி குளியலறை வாசலை இடித்துக் கட்டுவதையும் சொன்னார். பெருமைக்காகச் சொல்லவில்லை, நல்ல மனுஷி. அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாரணாபுரத்தில் எங்கள் வீடு ஒரே அறை. அரசாங்கம் கொடுத்த சக்கர நாற்காலி வாசலுக்குள் நுழையவில்லை, வெளியே மடக்கி வைத்தோம். காலையில் எட்டு மணிக்கு நான் வேலைக்குப் போனால் திரும்ப ஆறு மணி ஆகும். மூத்திரப் பை நிரம்பினால் எடுத்து ஊற்ற ஆள் இல்லையென்று, பகலில் தண்ணீர் குடிப்பதையே அவர் நிறுத்திக்கொண்டார்.

பிறகு அவராகவே வேலை கேட்டார். வெடிக்குக் காகிதக் குழாய் உருட்டும் வேலை. ஏஜெண்ட் காகிதத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டு, உருட்டியதை எடுத்துப் போவார். "கை ரெண்டும் நல்லாத்தான இருக்கு" என்று சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் நான் வந்தபோது குழாய்க் குவியலுக்கு நடுவில் கையெல்லாம் பசையாக இருந்துகொண்டு சிரித்தார். விபத்துக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது.

பசை தடவிய காகிதத்தை அப்படியே விட்டுவிட்டுக் கையை ஊன்றி எழும்பினால் காகிதம் காய்ந்து வீணாகும். அதனால் அவர் எழும்பவில்லை. ஆவணிக் கடைசியில் ஒருநாள் உடம்பு துடைக்கும்போது பின்பக்கத்தில் ஒரு ரூபாய் அளவுக்குச் சிவந்திருந்ததைப் பார்த்தேன். விரலால் அழுத்தினேன். சிவப்பு மாறவில்லை.

"ஏங்க, கொஞ்ச நாளைக்குக் குப்புறப் படுங்க. உக்காராதீக."

"சீசன்ல எவன் படுப்பான்? இந்த லோடு போகட்டும்."

"சரி, ஆயுத பூஜை கழியட்டும்" என்றேன். அவர் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, நானாகச் சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

அதே வாரம் அச்சாபீஸ்காரர் வீட்டம்மா போனில் நலம் விசாரித்தார். "இவனுக்கும் அங்கன செவந்துச்சும்மா. மூணு வாரம் குப்புறவே போட்டோம், மறைஞ்சிருச்சு. நீங்களும் அப்படியே போடுங்க." சரிங்க என்று சொல்லி வைத்தேன். மூன்று வாரம் என்பது அவர்கள் வீட்டில் மூன்று வாரம்தான். எங்களுக்கு அது சீசனில் பாதி.

சிவப்பு புண்ணாகி, நீர் வடிந்து, பத்து நாளில் கறுத்துப்போயிற்று. செருப்புத் தோல் மாதிரி காய்ந்து கெட்டியாக இருந்தது. எதிர் வீட்டு மதினியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு முழங்கையிலிருந்து தோள்வரை பழைய தீக்காயத் தழும்பு உண்டு.

"பொருக்குத் தட்டிருச்சு புள்ள. எனக்கும் இப்படித்தான கருத்துச்சு. கருத்துட்டா ஆறுதுன்னு அர்த்தம். நோண்டிறாத, தானா உதிரும்."

மதினியைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் தெருவில் தீப்புண் பார்க்காத வீடு குறைவு. நீர் வடிந்தால் பயப்பட வேண்டும், காய்ந்து கறுத்தால் கவலை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். அழுத்தத்தில் வருகிற புண் மேலே காய்ந்து உள்ளே தின்னும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. நர்ஸ் சொன்னதெல்லாம் சிவப்பைப் பற்றித்தான், கறுப்பைப் பற்றி நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தோஷத்தில் கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். அவர் மறுபடியும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

நாலாம் நாள் குளிர்காய்ச்சல் வந்து பல் கிட்டியது. மழை நேரத்துக் காய்ச்சல் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குள் ஒரு நாற்றம் அடித்தது. எலி செத்துக் கிடக்கிறதென்று அரிசி மூட்டை, காகிதக் கட்டு எல்லாவற்றையும் நகர்த்தித் தேடினேன். எலி எதுவும் இல்லை.

பெரியாஸ்பத்திரியில் அவரைக் குப்புறப் போட்டார்கள். டாக்டர் அந்தப் பொருக்கின் ஓரத்தைக் கத்தரியால் மெல்லத் தூக்கினார். மூடி கழல்வதுபோல முழுசாக வந்தது. உள்ளே என் கைமுட்டி புதைகிற அளவுக்குக் குழி. அடியில் எலும்பு தெரிந்தது. நான் வீடெல்லாம் தேடிய நாற்றம் அதிலிருந்துதான் வந்தது.

"எத்தனை நாளா இதை இப்படியே விட்டு வச்சிருக்கீங்க?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

தலையணையில் முகம் புதைந்திருந்த என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார்.

"அவளை வையாதீக சார், அவ நல்லாத்தான் பாத்தா. பொருக்குத் தட்டி ஆறிருச்சு. நீங்க இம்புட்டு அறுக்குறீகளே, எனக்கு வலியே இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "தீபாவளிக்கு முன்னால விட்டுருவீகளா சார்? லோடு பாதியில நிக்குது" என்றார்.

டாக்டர் கத்தரியைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன். அது கொதித்தது.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னதாகவே விட்டுவிட்டார்கள். அமரர் ஊர்தியில் கொண்டுவந்து வாசலில் இறக்கினோம்.