ஹர்த்தால் நாளில் எண்ணிய நாய்கள்

எனக்குக் கோபம் இன்னும் தணியவில்லை. தணியவும் வேண்டாம்.

நான் நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார். வீடு பாறசாலைக்குத் தெற்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வார்டில். என் மனைவிக்குத் திருவனந்தபுரத்தில் துணிக்கடை வேலை, அவளே ஆசைப்பட்டுச் சேர்ந்தது. விடியற்காலையில் முக்கிலிருக்கும் கோழிக்கடையைத் தாண்டித்தான் ரயிலுக்குப் போக வேண்டும். கடை வாசலில் கிடக்கும் நாய்க்கூட்டத்தைப் பார்த்து அவள் நடுங்காத நாள் இல்லை. "ஒருக்கா கடிச்சா அதோட வேலைய விட்டுருவேன், பாத்துக்கிடுங்க" என்று சொல்லியிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தெருநாய் கணக்கெடுப்பு வந்தது. முந்தைய வருடத்தைவிட எந்த வார்டில் நாய் அதிகமாகப் பெருகியிருக்கிறதோ, அங்கே நாய்களுக்குக் கருத்தடை செய்யும் ஆட்கள் முதலில் வருவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் எங்கள் வார்டு மெம்பர் எண்ணுவதற்குத் தேர்ந்தெடுத்தது ஒரு ஹர்த்தால் நாளை. ரோட்டில் வண்டி இருக்காதாம், எண்ணுவதற்குச் சுகமாம்!

ஹர்த்தால் அன்று கேரளப் பக்கத்துக் கடை அத்தனையும் அடைத்திருக்கும். ஊரே எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் களியக்காவிளைக்குப் போய்க் கோழி வாங்கும். நானும் போனேன். அங்கே கோழிக்கடை முன்னால் எங்கள் முக்கு நாய்கள் குந்தியிருந்தன. காது கிழிந்த கறுப்பு நாய் என்னை அடையாளம் கண்டு வாலாட்டியது. கடை எங்கே திறந்திருக்கும் என்று நாய்க்குத் தெரிந்தது. எண்ணப் போன மகான்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் வார்டில் நாய் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது என்று முடிவு வந்தது. மெம்பர் வீட்டுக்கு ஓடினேன்.

"சாரே, நீங்க பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்குற கணக்காக்கும். வித்தியாசத்த பழைய எண்ணிக்கையால வகுத்து, நூறால பெருக்கியாச்சு. தெற்று ஒண்ணும் இல்ல."

"வகுத்தது சரி. எண்ணினதுதான் தப்பு. செத்ததையும் ஊரவிட்டுப் போனதையும் கழிக்கலாம். கோழி தின்னப் போய்ட்டு சாயங்காலம் திரும்பி வாறதக் கழிக்கலாமா? கடை தொறந்திருக்குற நாள்ல இன்னொருக்கா எண்ணுங்க."

"ரிப்போர்ட் போயாச்சு சாரே. இனி அடுத்த வருஷமாக்கும்."

அதோடு விட்டாரா? தெருநாய் குறைந்த வார்டு என்று தன் படம் போட்ட ஃப்ளெக்ஸ் ஒன்றைக் கோழிக்கடைப் பக்கத்திலேயே கட்டினார். வெயில் நேரத்தில் நாய்கள் அதன் நிழலில் படுத்துக் கிடந்தன. அதைக் கிழித்தெறியக் கை பரபரத்தது. கருத்தடை ஆட்கள் வேறு வார்டுக்குப் போனார்கள்.

மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை ரயிலுக்குப் போன என் மனைவியை நாய் கடித்துவிட்டது. கெண்டைக்கால் சதை கிழிந்துவிட்டது. ஊசி போட்டுக் கட்டுப் போட்டு வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று மெம்பர் ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார்.

கட்டிய காலைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அது தமிழ்நாட்டு நாயா இருக்கும் சாரே. நம்ம வார்டுல நாய் கொறஞ்சாச்சுல்லா."

என் மனைவி படுத்தபடியே சொன்னாள்: "உங்க ஃப்ளெக்ஸுக்கு அடியில கிடக்குற காது கிழிஞ்ச நாயாக்கும்."

பழப்பையை அவர் கையிலேயே திணித்து வாசலைக் காட்டினேன். அவர் போன பிறகு அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"சீசன் டிக்கெட்டு இனி புதுக்க வேண்டாம்" என்றாள்.