பூ சொன்னதும் கம்ப்யூட்டர் சொன்னதும்

டாக்டரின் நெற்றி பிளந்து ரத்தம் புருவத்தில் இறங்கியதுதான் இன்றும் முதலில் நினைவுக்கு வருகிறது. டிரிப்ஸ் கம்பியைப் பிடுங்கி அடித்தவர் நோயாளியின் தம்பி. மதுரையில் புற்றுநோய் வார்டு நர்ஸாக எவ்வளவோ அழுகையைப் பார்த்திருக்கிறேன். அடிதடியை அன்றுதான் பார்த்தேன்.

அண்ணன் கொட்டாம்பட்டிப் பக்கத்து விவசாயி. நுரையீரலில் தொடங்கிய புற்று, காட்டுத்தீயாக ஈரல்வரை பரவியிருந்தது. வழக்கமான இரண்டு மருந்துகளோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்தால் ஆயுள் கூடுமா என்று அப்போது எங்கள் வார்டில் சோதித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு இரண்டு, யாருக்கு மூன்று என்பதை டாக்டர் முடிவு செய்யக் கூடாது, கம்ப்யூட்டர்தான் குலுக்கல் மாதிரி போட்டுச் சொல்லும். அண்ணன் புரிந்துகொண்டு கையெழுத்துப் போட்டார். தம்பிக்கு விளங்கவில்லை. சாமி முன்னால் பூக்கட்டிப் பார்ப்பீர்களே, அந்த மாதிரிதான் என்று டாக்டர் சொல்லிவைத்தார். வினை அங்கேதான் பிடித்தது.

தம்பி நேரே ஊருக்குப் போய், கருப்பசாமி முன்னால் பூவை மடித்த இரண்டு பொட்டலங்களைப் போட்டு ஒன்றை எடுத்திருக்கிறார். சிவப்புப் பூ வந்தால் மூன்று மருந்து, வெள்ளை வந்தால் இரண்டு. சிவப்பு வந்தது. மறுநாள் விபூதியோடு வந்தவரிடம், கம்ப்யூட்டரில் இரண்டுதான் வந்தது, ஏறிக்கொண்டிருக்கிறது என்றேன். சாமி வாக்கை மீறி அண்ணனைச் சோதனை எலியாக்கிவிட்டார்கள் என்று கத்திக்கொண்டே டாக்டர்மேல் பாய்ந்தார். கம்பியை உருவிய வேகத்தில் ஊசியும் பிய்ந்து வந்தது. கையில் ரத்தம் சொட்டச் சொட்ட அண்ணன் எழுந்து, தம்பியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"பூ ஒனக்கு வந்துச்சு. நோவு எனக்குல்லடா வந்துருக்கு."

சொல்லி முடித்ததும் குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தார். டாக்டர் நெற்றியில் பஞ்சை அழுத்திக்கொண்டு, மறு கையில் ஊசி போடச் சொன்னார். போலீஸ் வேண்டாம் என்றுவிட்டார். எனக்குத்தான் ஆறவில்லை. அந்தத் தம்பியை நாலு சாத்து சாத்த வேண்டும்போல் இருந்தது.

அண்ணன் சில மாதங்கள் இருந்து, மூச்சுக்குப் போராடிப் போய்ச் சேர்ந்தார். தம்பி எங்கள் முகத்தில் விழிக்காமலே உடலைக் கொண்டுபோனார்.

சோதனை முடிந்து முடிவும் வந்தது. மூன்றாவது மருந்து ஆயுளைக் கூட்டவில்லை. வாயைப் புண்ணாக்கிக் காய்ச்சலில் தள்ளியதுதான் மிச்சம். அதற்குப் பிறகு ஒருநாள் தம்பி வார்டு வாசலில் வந்து நின்றார். மூணாவது மருந்து ஏறியிருந்தால் அண்ணன் பிழைத்திருப்பாரா என்று கேட்டார். இல்லை, இன்னும் பாடுபட்டிருப்பார் என்று உள்ளதைச் சொன்னேன்.

"இம்புட்டு நாளா ஒங்களத்தான் கொலகாரங்கன்னு வஞ்சுக்கிட்டுக் கெடந்தேன். இனி நான் யாரை வையிறது, சிஸ்டர்?"

கேட்டவர், வலது கையை ஓங்கிச் சுவரில் குத்தினார். தோல் கிழிந்தது. மறுபடி ஓங்கிய கையை நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.